வாடகைக் கட்டில்கள்

போன வாரம் சின்னவளைப் பத்திரிகை அலுவலகப் படிக்கட்டில் அழவிட்டுவிட்டு வந்தோம். நாய்க் கண்காட்சிப் படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதிக் கொடுக்கச் சொன்னால், அவள் வலமிருந்து இடமாக எழுதிக் கொடுத்திருந்தாள். பரிசு கொடுத்த வங்கி மேலாளரின் பெயர் பரிசு வாங்கிய நாய்க்குப் போய்விட்டது. மேலாளர் போன் செய்து கத்தினார். நாயின் சொந்தக்காரர் அவரைவிட அதிகமாகக் கத்தினார்.

அந்தக் கண்ணீர் அன்றோடு சரி. இந்த வாரம் அவள் அழப்போவதில்லை. அவளை அழவைக்க நினைப்பவர்கள்தான் கொஞ்சம் சிரமப்படப் போகிறார்கள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. சின்னவள் பத்திரிகையில் பயிற்சிப் புகைப்படக்காரி. அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'பயிற்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் பதிலுக்குப் படப்பிரிவுத் தலைவரை மனசுக்குள் 'கத்திரி' என்றே கூப்பிடுகிறாள். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் நாலு பக்கமும் வெட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. அப்பா வாடகைக் கடை வைத்திருக்கிறார். நாற்காலி, மேஜை, மெத்தை, வீட்டில் நோயாளி இருந்தால் சக்கரம் வைத்த இரும்புக் கட்டில், எல்லாம் கிடைக்கும். பெரியவள், அதாவது அக்கா, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா சித்தியின் பிரசவத்துக்குத் துணையாக வெளியூர் போயிருக்கிறாள். ஆகவே இந்த வீட்டில் சண்டை வந்தால் நிறுத்த ஆளில்லை.

சண்டை அன்று மதியமே வந்துவிட்டது.

*

காலையில் பெரிய போட்டோகிராபர்கள் எல்லோரும் கால்பந்து இறுதிப் போட்டிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அக்கா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் பிரிவின் திறப்பு விழாவும், நம் சின்னவளும்தான்.

"ரிப்பன் வெட்டறப்போ ஒண்ணு, உள்ளே ஒண்ணு. போதும். பேரு மறக்காதே," என்றார் கத்திரி.

"மறக்க மாட்டேன் சார்."

"நாய் இருந்தா அதோட பேரையும் கேட்டுக்கோ."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். சின்னவள் காதில் வாங்காத மாதிரி கிளம்பிப் போனாள்.

புதுப் பிரிவு பளபளவென்று இருந்தது. இருபது கட்டில், இருபது வெள்ளை விரிப்பு. அமைச்சர் ரிப்பனை வெட்டினார், கைதட்டினார்கள். உள்ளே போய் முதல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அதில் படுத்திருந்த அம்மாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்த அம்மாவுக்குப் பயத்தில் வார்த்தை வரவில்லை.

"அம்மா, இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க," என்றாள் சின்னவள்.

அந்த அம்மா சிரித்தார். நல்ல படம். இதைக் கத்திரியால் வெட்டவே முடியாது என்று நினைத்துக்கொண்டு சின்னவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பாதி தூரம் வந்து சிக்னலில் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது. ஒருவர் பெயரையும் அவள் கேட்கவில்லை. அமைச்சருக்கு அந்தப் பக்கம் நின்ற கண்ணாடிக்காரர் யார், இந்தப் பக்கம் பூங்கொத்து வைத்திருந்த அம்மாள் யார், ஒன்றும் தெரியாது.

ஒரு வழிப் பாதையில் எதிர்த் திசையில் திரும்பி, நாலு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். முன்வாசலில் கூட்டம் கலைந்திருந்தது. நிர்வாகி பின்பக்கம் போனதாகக் காவலாளி கைகாட்டினார்.

பின்பக்கம் நிர்வாகி இல்லை. ஒரு வேன் நின்றிருந்தது. காலையில் அமைச்சர் வந்து பார்த்த கட்டில்களை இரண்டு பேர் தூக்கித் தூக்கி அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

யோசிக்கவே இல்லை. கை தானாகக் கேமராவைத் தூக்கியது. கட்டிலின் ஒரு முனை வேனுக்குள், இன்னொரு முனை ஒரு மனிதரின் தோளில், பின்னால் 'புதிய பிரிவு' என்ற பலகை. அழுத்தினாள். அந்த மனிதர் திரும்பினார். மறுபடியும் அழுத்தினாள். அப்புறம்தான் கேமராவைக் கீழே இறக்கி, வெறும் கண்ணால் பார்த்தாள்.

அப்பா.

"சின்னவளே! இங்க என்ன பண்றே?"

"நீங்க என்னப்பா பண்றீங்க?"

"பார்த்தா தெரியல? சரக்கு ஏத்தறேன்."

"இப்பதானே திறந்தாங்க?"

"திறந்தாங்க. மூடியாச்சு. என்னை எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க, எடுத்துட்டுப் போறேன்." அப்பா கட்டிலை வேனுக்குள் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "இப்ப என்னமோ அழுத்தினியே, அதை அழி."

"முடியாதுப்பா."

"என்னது?"

"அழிக்க மாட்டேன்."

அப்பாவின் முகம் சிவந்தது. கடை ஆள் நைசாக வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவனுக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரியும்.

"நான் யாருக்குக் கொடுத்தேன், எதுக்குக் கொடுத்தேன்னு வெளியே சொன்னா நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்? வாடகைக்குக் கேக்கறவங்ககிட்ட எதுக்குன்னு கேக்கக் கூடாது. இதுதான் என் தொழில்."

"எதுக்குன்னு கேக்கறதுதான்ப்பா என் தொழில்."

"தொழிலாம் தொழில்! நாய்க்கு மேனேஜர் பேரு வெச்சதா?" என்றார் அப்பா. "அந்தப் படம் பேப்பர்ல வந்துச்சுன்னா நீ வீட்டுப் பக்கம் வராதே."

சின்னவள் ஸ்கூட்டரில் ஏறினாள். கோபத்தில் சாவியைப் போடுவதற்கே மூன்று முறை தவறியது. பெயர்களை இந்த முறையும் கேட்கவில்லை.

*

கத்திரி படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். வழக்கமாக உடனே ஒரு மூலையை வெட்டுவார். இன்றைக்கு மௌஸின் மேலிருந்த கை நகரவில்லை.

"இதை யார் எடுத்தா?"

"நான்தான் சார்."

"நீயா?" என்று அவளைத் திரும்பிப் பார்த்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா இதுதான். இந்த ஆள் யாரு?"

இந்த இடத்தில் சின்னவள் 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். அவர் அவளுடைய அப்பா என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பாவை யாரோ ஆள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"எங்க அப்பா."

கத்திரி நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்டவரில்லை. அவருக்கும் வீட்டில் மகள் இருக்கிறாள்.

"சரி. அதுக்கென்ன, முகத்தை வெட்டிடலாம். கட்டிலும் வேனும் பலகையும் போதும்."

"வெட்டிப் பிரயோஜனம் இல்ல சார்."

"ஏன்?"

சின்னவள் திரையில் கட்டில் காலைத் தொட்டுக் காட்டினாள். சக்கரத்துக்கு மேலே மஞ்சள் பெயின்டில் ஒரு பட்டை. அப்பாவின் கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் அதுதான் அடையாளம். விசேஷ வீடுகளில் சாமான் கலந்துபோகாமல் இருப்பதற்காக அவர் கையால் அடித்தது. ஊரில் பாதிப் பேர் அந்த மஞ்சள் பட்டை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான்.

கத்திரி சட்டென்று நிமிர்ந்தார். "காலைல எடுத்ததைக் காட்டு."

காட்டினாள். அமைச்சர் உட்கார்ந்ததில் விரிப்பு ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. கட்டில் காலில் அதே மஞ்சள் பட்டை.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா போதும். ஒரு வார்த்தை எழுத வேண்டாம்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "பயிற்சி, வேணாம்னா இப்பவே சொல்லிடு. நீ வீட்டுக்குப் போகணும்ல?"

"வெட்டாம போடுங்க சார். அவர் முகத்தை மறைச்சா, நான் மறைச்சேன்னு ஆகும். நாளைக்கு ஒருத்தன் கண்டுபிடிச்சுக் கேட்டா, மத்த படமும் பொய்னு சொல்லுவான்."

கத்திரி மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

பத்திரிகை நிருபர் ஆஸ்பத்திரி நிர்வாகியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார். பதில் உடனே வந்தது. கட்டில்களின் சக்கரம் ஆடுகிறதாம். ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறார்களாம். வேண்டுமானால் கடைக்காரரையே கேட்டுக்கொள்ளலாமாம்.

"கடைக்காரர் ஆமான்னு சொல்லிட்டா கதை முடிஞ்சுது," என்றார் கத்திரி. "எட்டு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும். நிருபர் உங்க அப்பாவைக் கூப்பிடுவார். நீ நடுவுல வராதே, அது முறையில்லை."

"நான் எதுவும் பேசச் சொல்ல மாட்டேன் சார். படம் வருதுன்னு மட்டும் நேர்ல சொல்லிட்டு வரேன். பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்க அவர் மூணாவது மனுஷர் இல்ல."

*

வேன் கடை வாசலில் அப்படியே நின்றிருந்தது. கட்டில்களை இறக்கக்கூட இல்லை. அப்பா அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவே, ஒரு நாற்காலியையும் விரிக்காமல், தரையில் ஒரு மெத்தை மேல் உட்கார்ந்திருந்தார்.

"படம் வருதுப்பா. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சொல்லிட்டே இல்ல? போ."

"உங்க முகமும் வருது."

"எப்படி வருது? முதுகு பாதி முகம் பாதியா, குனிஞ்சுகிட்டு, சந்துல திருடறவன் மாதிரி!" அப்பா மெத்தையை ஓங்கித் தட்டினார். "ஊர்ல எத்தனையோ அப்பன் இருக்கான். உனக்கு உன் அப்பன்தான் கிடைச்சானா? கோடாலிக் காம்புடி நீ."

அந்த வார்த்தை சின்னவளுக்கு நன்றாகவே வலித்தது. "நீங்கன்னு தெரிஞ்சு எடுக்கலப்பா. ஆனா தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருப்பேன்," என்றாள்.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்து அக்கா வந்து சேர்ந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவள், சீருடையைக்கூட மாற்றாமல் செருப்பை உதறிவிட்டு அதே மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தாள். இருவர் முகத்தையும் பார்க்கவே இல்லை.

"என் பிரிவுல இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமாப்பா?"

"தெரியும், தெரியும்," என்றார் அப்பா எரிச்சலாக.

"தெரியாது. இடுப்புல ஆபரேஷன் ஆன ஒரு அம்மா. ஒரு வாரமா தரையில பாய்ல கிடக்குது. காலைல புதுப் பிரிவுக்குத் தூக்கிட்டுப் போய் முதல் கட்டில்ல படுக்க வெச்சாங்க. அப்படி ஒரு சந்தோஷம் அதுக்கு. அமைச்சர் கார் வெளியே போன உடனே எறங்கச் சொல்லிட்டாங்க. மறுபடி பாய். சாயங்காலம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சிஸ்டர், இன்னொரு தடவை போட்டோ எடுக்க வருவாங்களா'ன்னு கேக்குது."

சின்னவளுக்கு முகம் எரிந்தது. கொஞ்சம் சிரிங்க என்று சொன்னது அவள்தான். அந்தச் சிரிப்பு கேமராவுக்கு வந்ததில்லை, கட்டிலுக்கு வந்தது.

அப்பா வேனை ஒரு முறை பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"ஆள் படுத்திருந்த கட்டிலா அது? எங்கிட்ட சும்மா காட்சிக்குன்னு சொன்னாங்க. நான் போறப்போ காலியா இருந்துச்சு."

"காலி பண்ணிட்டுத்தான்ப்பா உங்களைக் கூப்பிட்டாங்க," என்றாள் அக்கா.

போன் அடித்தது. அப்பாவின் போன் கொஞ்சம் பழசு. எதிர்முனையில் பேசுவது எதிர்க் கடை வரைக்கும் கேட்கும். நிர்வாகிக்கு அது தெரிய நியாயமில்லை.

"அண்ணே, ஒண்ணும் பெரிய விஷயமில்ல. பேப்பர்காரங்க கூப்பிட்டா, சக்கரம் ஆடுது, ரிப்பேருக்கு எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"யாரோட கட்டில் ஆடுது?" என்றார் அப்பா.

"சும்மா, ஒரு பேச்சுக்கு..."

"என் கடைக் கட்டில் ஆடுதுன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்க?"

"அட, யாருண்ணே வந்து ஆட்டிப் பார்க்கப்போறாங்க? உங்க பெரிய பொண்ணு நம்மகிட்டதானே வேலை பாக்குது? நல்ல பொண்ணு. நாமதான் ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கணும்."

அக்கா அப்பாவையே பார்த்தாள். அப்பா அக்காவைப் பார்த்தார். அவள் லேசாகத் தோளைக் குலுக்கினாள். 'என்னை வெச்சு அவன் பேரம் பேசறானா? நீங்க பேசுங்கப்பா' என்கிற குலுக்கல் அது. பெற்றவருக்குப் புரிந்தது.

"சார்," என்றார் அப்பா. குரலில் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதை வந்தால் வீட்டில் எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள். "வாடகை ஒரு நாளைக்குப் பேசினோம். எங்க கடையில ஒரு நாள்னா மறுநாள் காலை வரைக்கும். நீங்க மதியமே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டீங்க. அடுத்தவங்க காசு கொடுத்த பொழுதை வெச்சுக்கற பழக்கம் எனக்கு இல்ல. இப்பவே கொண்டு வந்து போட்டுடறேன்."

"அண்ணே, என்ன சொல்றீங்க? அண்ணே..."

அப்பா போனை மேஜையில் வைத்துவிட்டு வேன் சாவியைத் தேடினார். சட்டைப் பையிலேயே இருந்த சாவியைக் கடை முழுக்கத் தேடினார். அவ்வளவு கோபம்.

மறுபடி போன் அடித்தது. இந்த முறை நிருபர். அப்பா நின்றபடியே பேசினார். "ஆமா, என் கட்டில்தான். ரிப்பேர் எல்லாம் இல்ல. ஒரு நாள் வாடகை. படத்துல இருக்கறது நான்தான். முகத்தைப் போடுங்க, கடைப் பேரையும் போடுங்க. திருடினவன் முகத்தை மறைக்கட்டும். நான் வாடகைக்குக் கொடுத்தவன்."

வைத்துவிட்டுச் சின்னவள் பக்கம் திரும்பினார். அவள் ஏதோ சொல்ல வந்தாள்.

"ஒண்ணும் பேசாதே. உன்மேல கோபம் அப்படியேதான் இருக்கு," என்றார். "கேமராவை எடுத்துக்கிட்டு வேன்ல ஏறு. இந்த வாட்டியாவது முன்பக்கமா நின்னு எடு."

*

ஆஸ்பத்திரி வாசல் மூடியிருந்தது. காவலாளி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "அண்ணே, திறக்கக் கூடாதுன்னு ஆர்டர். நான் என்ன பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ஆள் போற சின்ன கேட் திறந்துதானே இருக்கு?" என்றார் அப்பா. "ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போறோம்."

வேனின் பின்கதவு திறந்த சத்தத்துக்கே உள்ளேயிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நோயாளிகளோடு வந்தவர்கள், ஃபிளாஸ்கும் கையுமாக நின்றவர்கள், என்ன ஏதென்று கேட்கத் தொடங்கினார்கள். அக்கா கட்டிலின் முன்பக்கத்தைப் பிடித்தாள். அப்பா பின்பக்கத்தைப் பிடித்தார். சின்னவள் வழியில் முழங்காலிட்டுக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

நிர்வாகி ஓடிவந்தார். காலையில் பார்த்த அதே கண்ணாடிக்காரர்தான். மூச்சு வாங்கியது. ஆனாலும் நேராகக் கட்டிலிடம் போகாமல், சின்னவளிடம் வந்து லென்சுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்தார். எது ஆபத்து என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ யாரும்மா?"

"பத்திரிகை."

"பத்திரிகையா, பயிற்சிதானே?" என்றார். விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். குரலைக் குழைத்துக்கொண்டார். "இதோ பாரும்மா. உங்க அப்பா கட்டிலைப் போட்டுட்டுப் போகட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த யூனிபார்ம் உன் படத்துல வந்துச்சுன்னா, உங்க அக்கா நாளைலேர்ந்து இந்த வாசல்ல கால் வைக்க முடியாது. அவ வேலையை நான் எடுக்கல, நீதான் எடுத்தேன்னு ஆகும். நல்லா யோசிச்சுக்கோ."

சின்னவளின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவின் கோபத்தை அவளால் தாங்க முடியும். அதற்கெல்லாம் பிறந்ததிலிருந்தே பழக்கம். ஆனால் அக்காவின் வேலை அக்காவினுடையது. அதைத் தூக்கிக் கொடுக்க இவளுக்கு என்ன உரிமை? கேமரா கனத்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தால் சீருடை படத்தில் வராது. ஓரடி நகர்ந்தால் போதும், எல்லோருக்கும் நல்லது. அவள் உடம்பு அந்தப் பக்கம் சாயக்கூடச் செய்தது.

"எங்கடி நகர்றே?" என்றாள் அக்கா.

இரும்புக் கட்டிலின் பாதி எடை அவள் கையில் இருந்தது. மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது. நிர்வாகி சொன்னது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் அவரைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைத்தான் பார்த்தாள்.

"அக்கா, உன் வேலை..."

"உள்ளே ஒரு அம்மா காத்துக்கிட்டிருக்கு. சீக்கிரம் எடுடி, கை வலிக்குது."

சின்னவள் நிர்வாகியின் கையைத் தள்ளிவிட்டு எடுத்தாள்.